ஹான்சம் வண்டி மர்மம்: செத்தது ஒருவர், ஏமாந்தது இன்னொருத்தி

(முன்னெச்சரிக்கை: கொலையாளி யார் என்பது உட்பட கதை முழுவதும் கீழே அவிழ்க்கப்படுகிறது. 1886-ல் வந்த நாவலுக்கு இத்தனை வருஷம் கழித்து என்ன ரகசியம் என்று கேட்கலாம். படிக்காதவர்களுக்கு அது இன்னும் புது நாவல்தான். படித்துவிட்டு வர நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

சொந்தக் காசில் நாவல் அச்சடிக்கிறவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "நல்ல சரக்காக இருந்தால் ஒரு பதிப்பாளராவது போட்டிருக்க மாட்டாரா?" என்பது முதல் கட்சி. "பதிப்பாளருக்கு என்ன தெரியும்? ஜனங்கள் வாங்கினார்களா இல்லையா, அதுதான் தீர்ப்பு" என்பது இரண்டாம் கட்சி. இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு வசதி உண்டு. யாரும் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை! ஒருவருக்கு அட்டையில் இருக்கும் பதிப்பகப் பெயர் போதும், இன்னொருவருக்கு விற்பனைக் கணக்கு போதும்.

இந்த இரண்டு கட்சியையும் ஒரே சமயத்தில் வாயடைக்க வைக்கும் ஒரு நாவல் இருக்கிறது. ஃபெர்கஸ் ஹ்யூம் எழுதிய 'தி மிஸ்டரி ஆஃப் எ ஹான்சம் கேப்'. 1886-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் ஆசிரியர் கைக்காசு போட்டு வெளியிட்டது. ஒரு கொலை, ஒரு காதல், ஒரு குடும்ப ரகசியம். பதிப்பாளர்கள் சீந்தாத இந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. ஆக முதல் கட்சி அவுட். ஆனால் இத்தனை விற்றும் அதன் நடுவில் ஒரு பெரிய அநியாயம் உட்கார்ந்திருக்கிறது. அந்த அநியாயத்தைக் கண்டுகொள்ளாமல் "சூப்பர் ஹிட்" என்று தட்டிக்கொடுக்கும் இரண்டாம் கட்சியும் அவுட்.

கடைக்காரரிடம் கேட்டு எழுதிய கதை

ஹ்யூம் 1859-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் நியூசிலாந்துக்குப் போய்விட்டது. டனிடின் நகரத்தில் வளர்ந்து சட்டம் படித்தார். 1885-ல் மெல்போர்னுக்கு வந்து ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மனுஷனுக்கு ஆசையெல்லாம் நாடகம் எழுதுவதில்தான். ஆனால் முகம் தெரியாத ஒருவரின் நாடகத்தைப் படித்துப் பார்க்கக்கூட நாடகக் கம்பெனிக்காரர்கள் தயாராக இல்லை.

சரி, முதலில் ஒரு நாவல் எழுதிப் பெயர் எடுப்போம், பிறகு நாடகம் தானாக வரும் என்று கணக்குப் போட்டார். நேராக மெல்போர்னின் ஒரு முக்கியமான புத்தகக் கடைக்காரரிடம் போய், "எந்த மாதிரி கதை உங்களிடம் அதிகம் போகிறது?" என்று விசாரித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் காபோரியோவின் துப்பறியும் கதைகள் என்று பதில் வந்தது. அந்தப் பெயரையே அதுவரை கேள்விப்படாத ஹ்யூம், கிடைத்த காபோரியோ புத்தகங்களை எல்லாம் வாங்கிப் படித்து முடித்துவிட்டுத் தன் நாவலை எழுத உட்கார்ந்தார். இது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை. பிற்பாடு வந்த திருத்திய பதிப்பின் முன்னுரையில் அவரே சொல்லியிருப்பது.

இந்த இடத்தில் நம் இலக்கியவாதிகள் முகம் சுளிப்பார்கள். "கடைக்காரரைக் கேட்டா கதை எழுதுவது? சீச்சீ!" இதில் சுளிப்பதற்கு என்ன இருக்கிறது? எந்த ஊரில் எந்த மீன் விலை போகும் என்று விசாரித்துவிட்டு வலை வீசுகிறவன் மோசமான மீனவன் இல்லை. வலையில் என்ன விழுந்தது, அதை என்ன செய்தான் என்பதுதான் கேள்வி.

எழுதி முடித்த கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினார். ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணம்? காலனியில் இருக்கும் ஒருவனால் படிக்கிற மாதிரி எதுவும் எழுத முடியாது என்ற முடிவு. கவனியுங்கள், கதை மோசம் என்று யாரும் சொல்லவில்லை. எழுதியவரின் முகவரிதான் மோசம்! கடைசியில் தானே அச்சடித்தார். அவர் நினைவுப்படி சுமார் 5000 பிரதிகள். மூன்றே வாரத்தில் காலி. பதிப்பாளர்கள் மட்டும் அல்ல, தானுமே அதை எதிர்பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

இதோடு முதல் கட்சியின் வாதம் முடிந்தது. நல்ல சரக்கை எவராவது போட்டிருப்பார் என்பது, எல்லாப் பதிப்பாளரும் படித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிற வாதம். இங்கே படிக்காமலே கதவு சாத்தப்பட்டது.

வாசலில் காவல் இல்லாததால் உள்ளே வந்த நல்லவை

இனி புத்தகத்துக்குள் போவோம். முதலில் பலம்.

கொலை நடக்கும் இடமே பாதி வெற்றி. ஹான்சம் என்பது இரண்டு சக்கரக் குதிரை வண்டி. வாடகைக்கு ஓடும், இன்றைய டாக்ஸி மாதிரி. வண்டியோட்டி முன்னால் உட்காருவதில்லை. கூண்டுக்குப் பின்னால், உயரத்தில் அவருடைய இருக்கை. உள்ளே இருப்பவர் என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. நகரத்தின் நடுத்தெருவில் ஓடும் வண்டிக்குள், ஓட்டுகிறவர் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கும்போதே, ஒருவரைச் சத்தமில்லாமல் கொல்ல முடியும்! தினமும் அந்த வண்டியில் ஏறி இறங்கிய மெல்போர்ன்காரர்களுக்கு அதைப் படித்தபோது முதுகு சிலிர்த்திருக்கும். பாழடைந்த கோட்டை, அமாவாசை இரவு எதுவும் தேவைப்படவில்லை. ஆபீசுக்குப் போகிற வண்டியே போதுமாக இருந்தது.

கதையைத் தொடங்கும் விதமும் அபாரம். ஆசிரியர் பேசவே இல்லை. முதல் அத்தியாயம் ஒரு பத்திரிகைச் செய்தி. அதுவும் அந்த ஊரில் நிஜமாகவே வந்துகொண்டிருந்த 'ஆர்கஸ்' நாளேட்டின் பெயரில். ஜூலை 27, அதிகாலை இரண்டு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது செயின்ட் கில்டா காவல் நிலையத்துக்கு ஒரு ஹான்சம் வண்டி வருகிறது. வண்டிக்குள் ஒரு பிணம் இருப்பதாக வண்டியோட்டி சொல்கிறார். குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டை. இறந்தவர் பெயர் தெரியாது. போதையில் தள்ளாடியவரோடு ஏறிய வெளிர் நிறக் கோட்டுக்காரர் யார் என்பதும் தெரியாது. அடுத்த அத்தியாயம் மரண விசாரணைச் சாட்சியம். அதற்கடுத்து 100 பவுண்டு பரிசு அறிவிப்பு. வாசகர் ஒரு நாவலைப் படிப்பதாகவே உணரவில்லை, காலையில் வந்த பேப்பரைப் புரட்டுவதாக உணர்கிறார். முதல் நாவல் எழுதும் ஒரு குமாஸ்தாவுக்கு இந்தத் தந்திரம் தோன்றியது சாதாரண விஷயம் இல்லை.

துப்பறிவாளர்களும் வித்தியாசமானவர்கள். எல்லாம் தெரிந்த ஒரு மேதாவி வந்து கடைசி அத்தியாயத்தில் பிரசங்கம் செய்வதில்லை. கார்பி, கில்சிப் என்று இரண்டு போலீஸ்காரர்கள். இருவருக்கும் ஆகாது. கார்பி ஒருவரைச் சந்தேகப்பட்டுக் கைது செய்கிறார். தொழில் பொறாமையால் கில்சிப் அதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கால்டன். உண்மை வெளிவருவதற்கு நீதியின் மேல் உள்ள காதலைவிட இரண்டு உத்தியோகஸ்தர்களின் போட்டி அதிகம் உதவுகிறது. போலீஸ் நிலையங்களை அறிந்த எந்த ஊர்க்காரருக்கும் இது உண்மை என்று படும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஊர். 1850-களின் தங்க வேட்டையில் பணம் கொழித்து, 1880-களில் நிலம் வாங்கி விற்கும் வெறியில் உப்பிக்கொண்டிருந்த மெல்போர்ன். 1885-ல் வந்து பார்த்த ஒரு லண்டன் பத்திரிகையாளர் அதற்கு 'அற்புத மெல்போர்ன்' என்றே பட்டப்பெயர் வைத்தார். ஹ்யூம் அந்த அற்புதத்தின் கொல்லைப்புறக் கதவைத் திறந்து காட்டினார். காலின்ஸ் தெருவில் நாகரிகக் கூட்டம் உலா வருகிறது. சில நிமிஷ நடையில் லிட்டில் பர்க் தெருவின் சந்துகள். அங்கே மதர் கட்டர்ஸ்னைப் என்ற கிழவி. வாயைத் திறந்தால் வசவு, கையில் சாராயம். இந்தப் பகுதியை நேரில் பார்த்து எழுதியதாகவும், அந்தத் தெருவில் பல இரவுகளைக் கழித்ததாகவும் ஹ்யூம் சொல்கிறார். படிக்கும்போதே அது தெரிகிறது. காபோரியோவைப் படித்து எழுதிய பக்கங்களுக்கும், செருப்புத் தேய நடந்து எழுதிய பக்கங்களுக்கும் வாசனையே வேறு.

இன்னொரு விஷயம். கிழவியின் பேச்சு அதிகப்படியாகத் தத்ரூபமாகிவிட்டது என்று திருத்திய பதிப்பில் அவரே அதைக் குறைத்துவிட்டார். முதல் பதிப்பில் அது முழுசாக வந்ததற்குக் காரணம், "இதெல்லாம் வேண்டாம் தம்பி" என்று சொல்ல வாசலில் ஆள் இல்லாததுதான். சொந்தப் பதிப்பு தரும் மிகப்பெரிய வரம் இது. நாவலின் மிக உயிருள்ள பகுதி அந்த வரத்தில் வந்தது.

காதலனின் வாய்ப்பூட்டு

இப்போது பலவீனம்.

கதைச் சுருக்கம் இது. செத்தவர் ஆலிவர் ஒயிட். ஊரின் பெரும் பணக்காரர் மார்க் ஃப்ரெட்ல்பியின் மகள் மாட்ஜைக் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டவர். மாட்ஜ் விரும்புவது ஐரிஷ்காரரான பிரையன் ஃபிட்ஸ்ஜெரால்டை. ஒயிட்டுக்கும் பிரையனுக்கும் தகராறு நடந்திருக்கிறது. வெளிர் நிறக் கோட்டும் பொருந்துகிறது. பிரையன் கைது. கொலை நடந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார். தூக்குமேடையே வந்தாலும் சொல்ல மாட்டாராம். சொன்னால் மாட்ஜின் மனசு உடைந்துவிடும்!

இந்த ஒரு மௌனத்தின் மேல்தான் பாதி நாவல் நிற்கிறது. பிரையன் ஒரு வாக்கியம் பேசினால் புத்தகம் 100 பக்கத்தில் முடிந்துவிடும். சொல்லப் போனால், காதலனை ஆசிரியர் பேச விடாததற்குக் காரணம் காதல் இல்லை, பக்க எண்ணிக்கை. காதலிக்காக வாய்மூடுவது தியாகம் என்று நாவல் நம்மை நம்பச் சொல்கிறது. யோசித்துப் பார்த்தால், தன் அப்பாவைப் பற்றிய உண்மையைத் தாங்கமாட்டாள் என்று ஒரு பெண்ணுக்கு அவளைக் கேட்காமலே ஒருவர் முடிவு செய்கிறார். காதலன் தூக்கில் தொங்குவதை மட்டும் தாங்கிக்கொள்வாளாமா? என்ன லாஜிக் இது!

இத்தனைக்கும் மாட்ஜ் ஒன்றும் மயங்கி விழுகிற பொம்மை இல்லை. பிரையனின் அறைக்குப் போய்த் தேடி, பாதி எரிந்த ஒரு கடிதத்தைக் கண்டெடுத்து வழக்குக்கே வழி திறப்பது அவள்தான். இப்படி ஒரு பெண்ணைப் படைத்துவிட்டு, அவளிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று எல்லா ஆண்களும் சேர்ந்து சதி செய்வதை அன்பு என்று காட்டுவது கதாபாத்திரத்துக்கே செய்யும் அவமரியாதை.

கொலையாளி விஷயத்திலும் ஒரு பலவீனம். ஒயிட்டின் நண்பர் ரோஜர் மோர்லண்ட்தான் கொன்றவர். ஆனால் ஹ்யூம் முதலில் எழுதிய வரைவில் மோர்லண்டே கிடையாது. பணக்காரர் ஃப்ரெட்ல்பிதான் கொலையாளி. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது குற்றம் அவர் மேல் அப்பட்டமாகத் தெரிந்துவிட்டதால், மோர்லண்டைப் பலியாடாக உள்ளே கொண்டுவந்து கதையை இரண்டாம் முறை எழுதினார். இதுவும் அவர் வாக்குமூலமே. வாசகரை ஏமாற்றும் வித்தை என்ற வகையில் அது ஜெயித்தது. கொலையாளி யார் என்பது பலருக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் விலை என்ன? ஊரே கும்பிடும் கோடீஸ்வரர் தன் பழைய பாவத்தை மறைக்கக் கொலை செய்தார் என்பது ஒரு நகரத்தின் கதை. ஒரு கெட்ட சகவாசம் காகிதத்தைத் திருடிப் பணம் பறிக்கக் கொன்றது என்பது போலீஸ் டைரிக் குறிப்பு. முதல் கதையை எழுதிவிட்டு இரண்டாவதற்கு இறங்கி வந்தார் ஹ்யூம். ஒரு புதிரைக் காப்பாற்ற ஒரு உண்மையைப் பலி கொடுத்தார். மோர்லண்டைப் பலியாடு என்றால், ஃப்ரெட்ல்பி தப்பவிடப்பட்ட ஆடு.

இதெல்லாம் முதல் நாவலில் சகஜம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று இருக்கிறது.

சால் ராலின்ஸ் என்ற பெண்

அந்த ரகசியம் என்ன? ஃப்ரெட்ல்பி இளமையில் ரோசன்னா மூர் என்ற நாடக நடிகையை ரகசியமாக மணந்தவர். ஒரு பெண் குழந்தை. ரோசன்னா பிரிந்து போகிறார். அவரும் குழந்தையும் இறந்துவிட்டதாக நம்பி ஃப்ரெட்ல்பி வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்கிறார். அவர்களுக்குப் பிறந்தவள் மாட்ஜ். ஆனால் ரோசன்னா சாகவில்லை. எனவே இரண்டாவது கல்யாணம் செல்லாது. சட்டத்தின் கண்ணில் மாட்ஜ் முறைப்படி பிறந்தவள் இல்லை. கொலை நடந்த இரவில் லிட்டில் பர்க் தெருச் சந்தில் சாகக் கிடந்த ரோசன்னா, பிரையனை வரவழைத்து இதைச் சொல்லிவிடுகிறார். பிரையனின் வாய்ப்பூட்டுக்கு இதுதான் காரணம்.

சரி, அந்த முதல் குழந்தை? சாகவில்லை. அவள்தான் சால் ராலின்ஸ். மதர் கட்டர்ஸ்னைப் கிழவியின் பேத்தியாகச் சேரியில் வளர்ந்து சீரழிந்தவள். பிரையன் அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருந்தார் என்று நீதிமன்றத்தில் சொல்லி அவருடைய உயிரைக் காப்பாற்றுவதும் அவளே. ஒரு சாட்சி கிடைக்காதா என்று வழக்கறிஞரும் போலீஸும் ஊரெல்லாம் தேடியபோது, கடைசி நேரத்தில் வந்து நின்றவள்.

அவளுக்குக் கிடைத்த பரிசு? மாட்ஜ் நன்றியோடு அவளைத் தன் வேலைக்காரியாக வைத்துக்கொள்கிறாள். அப்பாவின் முறையான மகள், தங்கைக்கு ஏவல் செய்கிறாள். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியாது. இந்த இடம்வரை அது ஒரு கொடூரமான, அற்புதமான நாடகம். எப்போது வெடிக்கும் என்று படிக்கிறவர் காத்திருக்கிறார்.

வெடிக்கவே இல்லை! ஃப்ரெட்ல்பி எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுச் செத்துப் போகிறார். மோர்லண்ட் சிறையில் தூக்குப் போட்டுக்கொள்கிறார். உண்மை தெரிந்த கனவான்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். சாலிடம் அவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஒரு தொகை ஏற்பாடு செய்துவிட்டால் போதும். பிரையனும் மாட்ஜும் கல்யாணம் செய்துகொண்டு கப்பலேறிவிடுகிறார்கள். சுபம்.

யாருக்குச் சுபம்? இந்த நாவலில் நடந்தது ஒரு குற்றம் இல்லை, இரண்டு. வண்டிக்குள் நடந்த முதல் குற்றத்துக்கு ஆள் பிடிக்க முழுப் புத்தகமும் ஓடுகிறது. பெயரையும் பிறப்பையும் ஒரு பெண்ணிடமிருந்து மறைக்கும் இரண்டாவது குற்றத்தைக் கதையின் நல்லவர்கள் செய்கிறார்கள். அதைக் குற்றம் என்றே ஆசிரியர் எண்ணவில்லை. ஒயிட்டின் சட்டைக்குள் இருந்த கல்யாணச் சான்றிதழை எடுத்து அதை வைத்துப் பணம் பறிக்க நினைத்த மோர்லண்ட் வில்லன். அதே கல்யாணத்தைச் சாலிடமிருந்து மறைத்த கனவான்கள் நல்லவர்கள். ஒரே உண்மை, ஒரே மறைப்பு. கொலையை நீக்கிவிட்டால் இரு தரப்புக்கும் என்ன வித்தியாசம் என்று நாவல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"அந்தக் காலம் அப்படி"

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் இது. விக்டோரியா ராணி காலம், மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளை என்றால் சமூகமும் சட்டமும் ஒதுக்கிய காலம், மாட்ஜைக் காப்பாற்றத்தானே மறைத்தார்கள், இன்றைய அளவுகோலை அன்றைக்கு வைக்கலாமா என்பார்கள்.

அன்றைய அளவுகோலையே வைப்போம். வில்கி காலின்ஸ் 1862-ல் 'நோ நேம்' என்ற நாவலை எழுதினார். ஹ்யூமுக்கு 24 வருஷம் முந்தியது. பெற்றோர் முறைப்படி மணமாகாதிருந்தது தெரியவந்து, ஒரே நாளில் பெயரும் சொத்தும் இழக்கும் சகோதரிகளின் கதை. அந்த இழிவை மறைத்து வைப்பது காலின்ஸின் வேலையாக இல்லை. அதை நடுவீட்டில் கொண்டுவந்து போட்டு, இளைய மகளைச் சண்டைக்கு அனுப்பினார். வாசகர்கள் ஓடிவிடவில்லை. ஆக, காலத்துக்கு அந்தக் கேள்வி தெரியும். கேட்கத் துணிந்தவர்களும் இருந்தார்கள். கேட்காதது ஹ்யூம்.

இங்கேதான் சொந்தப் பதிப்பு என்ற விஷயம் முழு அர்த்தத்தோடு வருகிறது. ஒரு பதிப்பாளர் போட்டிருந்தால், "முடிவை மாற்றச் சொன்னார்கள், என்ன செய்ய?" என்று ஒரு சமாதானம் இருந்திருக்கும். ஹ்யூமுக்கு அந்தச் சமாதானம் கிடையாது. அச்சுக்கூலி அவருடையது, நஷ்டம் வந்தால் அதுவும் அவருடையது. யாரும் அவரை எதையும் மாற்றச் சொல்லவில்லை. சேரிக் கிழவியின் வசவுகளை அப்படியே அச்சில் ஏற்றத் தைரியம் இருந்தவருக்கு, அந்தக் கிழவியின் பேத்தியைக் கூப்பிட்டு "இந்த வீடு உன்னுடையதும்தான்" என்று சொல்ல வைக்கத் தைரியம் வரவில்லை. தெருவில் சுதந்திரமாக நடந்தவர், பணக்காரர் வீட்டு வரவேற்பறைக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். காவல்காரன் இல்லாத வாசலில்கூடக் குனிந்தே நுழைந்தார்.

சொந்தப் பதிப்பின் உண்மையான ஆபத்து அச்சுப்பிழையோ, மோசமான அட்டையோ இல்லை. பதிப்பாளர் இல்லாத இடத்திலும் பதிப்பாளர் என்ன சொல்வார் என்று எழுதுகிறவரே யோசித்துக்கொண்டு எழுதுவது. கடைக்காரர் சொன்னது சரக்கின் வகையை மட்டும்தான். சாலை ஏமாற்றச் சொல்லி அவர் சொல்லவில்லை.

50 பவுண்டு

ஹ்யூமைப் பற்றி எழுதும் எல்லோரும் கடைசியில் ஒரு உச்சுக் கொட்டுவார்கள். உள்ளூரில் விற்றுத் தீர்ந்த நாவலின் உரிமையை வெறும் 50 பவுண்டுக்கு அவர் ஒரு கூட்டத்துக்கு விற்றுவிட்டார். அவர்கள் 'ஹான்சம் கேப் பதிப்பகம்' என்றே ஒரு கம்பெனி வைத்து, 1887-ல் லண்டனில் வெளியிட்டுக் குவித்தார்கள். அமெரிக்காவிலும் போனது. அதே 1887-ன் கடைசியில் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' வந்தது. அதன் மொத்த உரிமைக்குக் கோனன் டாயில் வாங்கியது 25 பவுண்டு. அன்றைக்கு ஹோம்ஸ் ஹான்சம் வண்டியின் பக்கத்தில்கூட வர முடியவில்லை. ஹ்யூம் பிறகு இங்கிலாந்துக்குப் போய், 1932-ல் சாகும்வரை நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதித் தள்ளினார். ஒன்றுகூட முதல் நாவலைத் தொடவில்லை.

பாவம்தான். ஆனால் இந்தப் பரிதாபத்தை எல்லாம் ஆசிரியருக்கே கொட்டித் தீர்த்துவிடுகிறார்களே, அதுதான் சரியில்லை. ஹ்யூம் விற்றபோது என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்றார். கேட்ட விலை குறைவு, அவ்வளவே. கையெழுத்துப் போட்டது அவர் கை. சால் ராலின்ஸிடம் யாரும் கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை. தன்னிடம் இருந்தது என்ன என்று தெரியாமலே அவள் அதை இழந்தாள். மூட்டையாக வந்த சொத்துக்குப் பதில் ஒரு சின்னத் தொகை, அதையும் கருணை என்று வாங்கிக்கொண்டாள். தன் புத்தகத்தின் உண்மையான விலை தெரியாமல் 50 பவுண்டு வாங்கிய மனிதர், தன் பிறப்பின் விலை தெரியாமல் ஏமாந்த ஒருத்தியை எழுதி முடித்திருந்தார். அவரே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் இந்த நாவலைப் படிக்கலாமா? கட்டாயம் படிக்கலாம். காப்புரிமை என்றோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்களுக்காகப் படிக்கலாம். லிட்டில் பர்க் தெருவுக்காகப் படிக்கலாம். யாரும் நம்பாதபோது தன் எழுத்தை நம்பிக் கைக்காசைப் போட்ட ஒரு குமாஸ்தாவின் துணிச்சலுக்காகவும் படிக்கலாம். சொந்தமாகப் புத்தகம் போட நினைப்பவர்கள் இரண்டு முறை படிக்கலாம். முதல் முறை, அந்தச் சுதந்திரத்தில் ஒருவரால் என்னவெல்லாம் செய்ய முடிந்தது என்று பார்க்க. இரண்டாவது முறை, செய்ய முடிந்தும் அவர் எதைச் செய்யாமல் விட்டார் என்று பார்க்க.

கொலையாளி யார் என்ற மர்மம் கடைசி அத்தியாயங்களில் தீர்ந்துவிடுகிறது. தீராமல் நிற்கிற கேள்வி ஒன்று உண்டு. கப்பல் கிளம்பிப் போன மறுநாள் காலையில், மெல்போர்னில் சால் ராலின்ஸ் தன்னை யார் என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள்?